ஒருவருக்கு எழுதிய மாத்திரை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு வாலு எழுதுவது.

நான் நலம். நீ, அத்தான், அம்மா மூவரும் நலமா? அம்மாவின் பிரஷர் இறங்கியதா, இல்லை அத்தானின் குறட்டையோடு சேர்ந்து ஏறிக்கொண்டிருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கெல்லாம் வெறும் ‘ம்’ கொட்டினேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நீ ஸ்பீக்கரைப் போட்டதும் பக்கத்தில் அம்மா மூச்சு விடுவது எனக்கு இங்கே கேட்கிறது. எனக்கு ஒரு தும்மல் என்றால் அம்மாவுக்கு ஒரு வாரத் தூக்கம் போய்விடும். அதனால்தான் பழையபடி உன் பல் கிளினிக் விலாசத்துக்கே எழுதுகிறேன். உங்கள் டாக்டர் பிரித்துப் படிக்காமல் இருந்தால் சரி.

வேலை நன்றாகப் போகிறது. ஆளுயரக் கண்ணாடியைக்கூட இப்போது முதலாளி என்னை நம்பி வெட்டக் கொடுக்கிறார். கை நிறையக் கீறல்தான். கண்ணாடிக் கடையில் கீறல் இல்லாத கை, கல்லாவில் இருக்கிற கை மட்டும்தான். டிரைவர் அண்ணன் வீட்டு மாடியறைக்குக் குடிவந்துவிட்டேன். எங்கள் கடை லாரியை ஓட்டுகிறவர் அவர். அண்ணி ஒரு ஓட்டலில் துணி தேய்க்கிறார். இரண்டு பேரும் என்னைக் கூடப்பிறந்தவன் மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள்.

உன்னிடம் ஒரு தொழில் சந்தேகம். பல் தேய்த்தால் ஈறிலிருந்து ரத்தம் வருகிறது. துப்பினால் தொட்டியே சிவந்துவிடுகிறது. என்ன பேஸ்ட் வாங்கலாம்?

அன்புடன்,
வாலு

ஜனவரி 20

அன்புள்ள வாலு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் பிரஷர் அம்மாவைப் போலவே சொன்ன பேச்சு கேட்பதில்லை. அத்தான் குறட்டையைப் பற்றி நீ எழுதியதை அவரிடம் படித்துக் காட்டவில்லை.

பேஸ்ட் மாற்றினால் ஈறு சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களால்தான் எங்கள் கிளினிக்கே நடக்கிறது. நீ பல் தேய்க்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? பிரஷைத் தண்ணீரில் நனைத்து வைத்துவிட்டு, ‘தேய்ச்சாச்சு’ என்று வந்து நின்ற ஆள்தானே நீ. டாக்டரிடம் சொன்னேன். அழுக்குப் படிந்து ஈறு வீங்கியிருக்கும் என்றார். மிருதுவான பிரஷும் வாய் கொப்பளிக்கிற மருந்தும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு தவறாமல் கொப்பளி. விழுங்கித் தொலைக்காதே.

சிகரெட் ஏதும் பிடிக்கிறாயா? அதுவும் ஈறைக் கெடுக்கும். மறைக்காமல் எழுது.

டிரைவரையும் அவர் மனைவியையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். பார்சல் வந்து சேர்ந்தது. நீ சொன்னபடியே கொப்பளிக்கிறேன். ரத்தம் நிற்கவில்லை. ஆனால் இப்போது புதினா வாசனையோடு வருகிறது.

சிகரெட்டை நான் தொட்டதே இல்லை. அம்மா மேல் சத்தியம்.

இன்னொன்று. தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாக இருக்கிறது. எங்கே இடித்துக்கொண்டேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. ஏதாவது கண்ணாடிச் சட்டமாக இருக்கும். டிரைவர் அண்ணனிடம் காட்டினேன். பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு

பிப்ரவரி 17

வாலு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. ஈறிலும் ரத்தம், இடிக்காமலே உடம்பில் நீலம் என்றால் அது பல் சமாச்சாரம் இல்லை. டாக்டரிடம் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. ‘மொதல்ல ரத்தத்த டெஸ்ட் பண்ணச் சொல்லும்மா’ என்றார். இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போ. லீவு கிடைக்கவில்லை, கண்ணாடி வந்து இறங்குகிறது, முதலாளி மாமனார் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று கதை அளக்காதே.

போன உடனே எழுது.

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். பதறாதே. இத்தனை நாள் போனில் நான் பேசியதெல்லாம் இந்தக் கட்டிலிலிருந்துதான். பக்கத்துக் கட்டில்காரர் இருமியபோது, கடைக்கு வந்த ஆள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

நீ சொன்ன வாரம் நான் போகவில்லை. அடுத்த வாரம் கட்டைவிரலில் சின்ன வெட்டு. மற்ற நாளாக இருந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த கண்ணாடியை எடுத்திருப்பேன். அன்று சுற்றின துணியெல்லாம் நனைந்துகொண்டே இருந்தது. டிரைவர் அண்ணன்தான் என்னை லாரியில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் இறக்கிவிட்டு, ‘லாரிய இங்க நிறுத்தக் கூடாதுடா’ என்று திருப்பிக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை உள்ளே வந்து பார்க்கவில்லை. அண்ணிக்கு என்ன சொல்லியிருக்கிறாரோ தெரியவில்லை.

ரத்தம் பார்த்த டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்து, ‘மனசுல என்னப்பா கஷ்டம்? எதுக்கு எலி மருந்து குடிச்ச?’ என்றார். நான் எலி மருந்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்றேன். ‘அப்ப வேற என்ன உள்ள போச்சு? நான் போலீஸ் இல்ல, டாக்டர். சொல்லு’ என்றார்.

சொன்னேன். உனக்கும் சொல்லிவிடுகிறேன். சிகரெட் தொட்டதில்லை என்று எழுதியது உண்மை. கஞ்சாவைப் பற்றி நீ கேட்கவில்லை.

மார்க்கெட்டுக்குப் பின்னால் வாங்கிய பொட்டலம். வழக்கத்தைவிட மலிவு, வழக்கத்தைவிட நன்றாக ஏறியது. நல்ல சரக்கு என்று நினைத்தேன். இலைமேல் ஏதோ ரசாயனத்தைத் தெளித்துக் காயவைத்திருக்கிறார்கள். அதோடு எலி மருந்தும் சேர்ந்திருக்கிறது. போதை நீடிக்கட்டும் என்று சேர்த்தார்களா, கை தவறிச் சேர்ந்ததா, விற்றவனுக்கே தெரிந்திருக்காது என்கிறார் டாக்டர். அந்த மருந்து ரத்தத்தை உறையவிடாதாம். எலிக்கும் அப்படித்தானாம். உடம்பைவிட்டுப் போக மாதக்கணக்காகும். அதுவரை ரத்தம் உறைய தினமும் மஞ்சள் மாத்திரை. இங்கேயே இலவசமாகக் கொடுக்கிறார்கள். நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தினால் மறுபடி ரத்தம் வருமாம். ‘அந்தப் பொட்டலத்துல யாரெல்லாம் பங்குன்னு நான் கேக்கல. அவங்களையும் வரச் சொல்லு’ என்றார்.

திட்டி எழுது. ஆனால் எழுது.

வாலு

மார்ச் 21

வாலு,

அம்மா சுகம். நான் சுகமில்லை.

உன் கடிதத்தைக் கிளினிக்கின் கழுவுகிற அறையில் நின்று படித்தேன். நீ எலி மருந்தை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய், நான் உனக்குப் புதினா தண்ணீர் அனுப்பியிருக்கிறேன். உன்னை அடிப்பதா, என் தலையில் அடித்துக்கொள்வதா? நீ ஒரு வரி உண்மை எழுதியிருந்தால் ஜனவரியிலேயே முடிந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, ‘நீ கேட்கவில்லை’ என்று என்னிடமே வக்கீல் மாதிரி பேசுகிறாய்.

செடிதானே, மண்ணில் முளைத்ததுதானே என்று நீ நினைத்திருப்பாய். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மண்ணில் முளைத்தது உன் கைக்கு வருவதற்குள் எத்தனை கை மாறுகிறது, எந்தக் கை எதைத் தெளித்தது என்று உனக்குத் தெரியுமா? ஒரு கண்ணாடியைக் கையில் எடுத்தால் ஓரம் பார்க்காமல் தூக்க மாட்டாய். மார்க்கெட்டுக்குப் பின்னால் எவனோ கொடுத்ததை மட்டும் அப்படியே நெஞ்சுக்குள் இழுத்துக்கொள்வாய்.

மாத்திரையை ஒருவேளைகூட விடாதே. ரத்தப் பரிசோதனைக்குச் சொன்ன நாளில் போய் நில். அந்தப் பொட்டலத்தில் உன்னோடு பங்கு போட்டது யார்? அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்களா? இதற்குப் பதில் எழுது.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மா, அத்தான் நலமறிய ஆவல். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைக்குப் போகிறேன். வெட்டுகிற வேலை இல்லை, அளவெடுக்கிற வேலை மட்டும். விரல் ஆறிவிட்டது. மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

போன வாரம் ரத்தம் பார்த்தார்கள். மறுபடி நீர்த்துப் போயிருக்கிறதாம். டாக்டர், ‘மாத்திரை ஒழுங்கா போடறியா?’ என்று கேட்டார். போடுகிறேன் என்றேன்.

வெயில் அதிகம். வேறு ஒன்றும் இல்லை.

வாலு

ஏப்ரல் 29

வாலு,

அம்மா உன்னைக் கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்று பொய் சொன்னேன். உன்னால் எனக்கும் பொய் பழகிவிட்டது.

வெயிலைப் பற்றி எழுத இடம் இருந்திருக்கிறது. நான் கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் இடம் இல்லை. மாத்திரை போடுகிறவனுக்கு ரத்தம் எப்படி நீர்க்கும்? எங்கள் டாக்டரிடம் கேட்டேன். ஒன்று, மாத்திரை உள்ளே போகவில்லை. இல்லை, விஷம் மறுபடி உள்ளே போகிறது என்றார். நீ மறுபடி பிடிக்கிறாய். வேறு எப்படி நான் நினைப்பது?

எனக்கு அலுத்துவிட்டது. செவிடன் காதில் சங்கு ஊதுவதற்கு எனக்குத் தெம்பு இல்லை. சாவதென்றால் சொல்லிவிட்டுச் சாவு. அம்மாவைத் தயார் செய்ய எனக்கும் நாள் வேண்டும்.

அக்கா

மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதினால் நீ கிழித்துப் போடுவாய். காலையில் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, இப்போது நின்றிருக்கிறது. இதுதான் என் நலம்.

உனக்குப் பதில் எழுத எடுத்த தாளையெல்லாம் கசக்கிப் போட்டேன். நான் பிடிக்கவில்லை அக்கா. மாத்திரை பாதிதான் உள்ளே போகிறது. மீதிப் பாதி டிரைவர் அண்ணனுக்கு.

அந்தப் பொட்டலத்தை அவரும் நானும்தான் பங்கு வைத்தோம். அவருக்கும் ஈறில் ரத்தம், அடிக்கடி தலைவலி. ஆஸ்பத்திரி என்றாலே எழுந்து போய்விடுகிறார். அங்கே பேர் கொடுத்தால் லைசென்ஸ் ஆபீசுக்குத் தகவல் போய்விடும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். டாக்டர் போலீஸ் இல்லை என்றாரே என்றேன். ‘உனக்கு லைசென்ஸ் இல்ல, உன்கிட்ட அப்படித்தான் சொல்வாங்க. வண்டி போச்சுன்னா நான் என்னடா பண்ணுவேன்?’ என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, ‘உன் மாத்திரையில எனக்குக் கொஞ்சம் தருவியா?’ என்று கேட்டார். அந்த மனிதர் யாரிடமும் எதையும் கேட்டுப் பார்த்ததில்லை. எப்படி இல்லை என்பது?

அண்ணிக்கு எதுவும் தெரியாது. எனக்கு வயிற்றில் புண் என்று சொல்லி வைத்திருக்கிறார். நீயும் யாரிடமும் சொல்ல வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

வாலு

மே 24

வாலு,

நீ மறுபடி பிடிக்கிறாய் என்று எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. மன்னிப்பு அவ்வளவுதான், இனித் திட்டு.

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும். உனக்கே பத்தாத மாத்திரையை அள்ளிக் கொடுக்க நீ என்ன வள்ளலா? ஒருவருக்கு எழுதிய மாத்திரையை இரண்டு பேர் தின்றால், இரண்டு பேருக்கும் பாதி உயிர் மிஞ்சும் என்று உனக்கு யார் கணக்குச் சொல்லிக் கொடுத்தது? ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிறார்கள். வாங்கு என்கிறார்கள். அதைப் போய் வாங்க வெட்கம், பயம், லைசென்ஸ். நீ செய்வது உதவி இல்லை. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வழி செய்து கொடுக்கிறாய்.

நீ கெஞ்சியதைப் படித்தேன். கேட்கப் போவதில்லை. இதே தபாலில் உன் அண்ணிக்கும் எழுதிவிட்டேன். உன் வீட்டுக்காரர் என் தம்பியின் மஞ்சள் மாத்திரையை ரகசியமாகச் சாப்பிடுகிறார், எதற்கு என்று கேள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போ என்று எழுதியிருக்கிறேன். என்மேல் கோபம் வந்தால் வரட்டும். முழு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கோபப்படு.

அக்கா

ஜூன் 5

மரியாதைக்குரிய அக்காவுக்கு டிரைவர் வீட்டுக்காரி எழுதுவது.

நீங்களும் உங்கள் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். எங்கள் நலத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்தபோது வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் மாத்திரை என்று எழுதியிருந்தீர்கள். அவர் மாத்திரை சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. மஞ்சள் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறவள் நான். ‘சத்து மாத்திரை. நாள் பூரா நிக்கிறல்ல’ என்று அவர்தான் தண்ணீரோடு கொண்டுவந்து கையில் வைப்பார்.

உங்களிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது? அந்தப் பொட்டலத்தைப் பிடித்தது மூன்று பேர். உங்கள் தம்பிக்கு அப்போது இது தெரியாது. தேய்த்துத் தேய்த்து எனக்கு இடுப்பும் காலும் கழன்றுபோகும். ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவைச் சாத்திக்கொண்டு அவரோடு நானும் பிடிப்பேன். பெண்பிள்ளை கஞ்சா பிடிக்கிறாள் என்று வெளியே தெரிந்தால் என்னை என்ன பேசுவார்கள் என்று அவருக்குப் பயம். மார்ச் மாதம் எனக்குத் தீட்டு நிற்கவே இல்லை. காலெல்லாம் நீலம். தேய்க்கிற மேசையில் இடித்துக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். எதனால் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் வந்ததும் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். ‘அப்ப உங்களுக்கு?’ என்று கேட்டேன். ‘இருந்ததே கொஞ்சம். அதையும் ரெண்டா உடைச்சா உனக்குப் பத்தாதே’ என்றார். ஒன்றுகூட அவர் போட்டுக்கொள்ளவில்லை அக்கா. எனக்கு வந்த ஆத்திரத்தில் தோளில் அடித்தேன். காலையில் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றேன். சரி என்றார். நிஜமாகவே சரி என்றார்.

காலையில், ‘ஒரு லோடு இறக்கிட்டு வந்துடறேன், நீ ரெடியா இரு’ என்று போனார். நான் ரெடியாகத்தான் இருந்தேன். பாதி வழியில் லாரியை ஓரங்கட்டி, பிரேக் போட்டுவிட்டு, ஸ்டீயரிங்கில் தலை சாய்த்திருந்தாராம். மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். பின்னால் இருந்த கண்ணாடியில் ஒன்றுகூட உடையவில்லை என்று முதலாளி வந்து சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொல்லியிருப்பார்.

உங்கள் தம்பியிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தன் மாத்திரையில் பாதியை அவர் இன்னும் என் கதவருகே வைத்துவிட்டுப் போகிறார். இப்போது தெரிந்தே விழுங்குகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகக் கால் வரவில்லை. என் பேர் வெளியே வரக் கூடாது என்றுதானே அவர் போனார். நானே போய்ப் பேரைக் கொடுத்தால் அவர் செத்ததற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கடிதம் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம்.

இப்படிக்கு,
டிரைவர் வீட்டுக்காரி

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா எப்படி இருக்கிறாள்? அண்ணியின் கடிதம் வந்த அன்று நீ போன் செய்து, ‘இன்னைக்கே போ, இப்பவே போ, அவனையும் இழுத்துட்டுப் போ’ என்று அண்ணியிடம் கத்தியபோது ஸ்பீக்கர் போட்டிருந்தது உனக்கு நினைவில்லை. பின்னால் அம்மா, ‘யாருக்கு என்னடி, யாருக்கு என்னடி’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. மறைத்து மறைத்து நாங்கள் சம்பாதித்தது போதும்.

மறுநாளே அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு அழுகை வரவில்லை அக்கா, ஆத்திரம்தான் வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை. விற்றவனைத் தேடி மார்க்கெட்டுக்குப் பின்னால் போனேன். அவனுக்குப் பதில் வேறொருவன் நின்று, ‘என்ன வேணும் தம்பி’ என்கிறான்.

பஸ்ஸில் வழியெல்லாம் அண்ணி ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். ‘வீட்ல எலித் தொல்லை, மருந்து வெச்சப்ப கையில பட்டுதுன்னு சொல்லட்டுமா?’ என்று கேட்டார். அண்ணன் பேரைக் கேட்டால் என்ன சொல்வது, லைசென்ஸைக் கேட்டால் என்ன சொல்வது, போலீஸ் வந்தால் யார் வாங்கியதாகச் சொல்வது என்று நானும் மனதுக்குள் கட்டிவைத்துக்கொண்டேன்.

சீட்டு எழுதுகிற இடத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பேர் கேட்டார், வயது கேட்டார், எடை பார்க்கச் சொன்னார். ‘என்ன பண்ணுது?’ என்றார். அண்ணிக்குப் பொய் வாயில் வரவில்லை. ‘கஞ்சா பிடிச்சேன்’ என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா எழுதுவதை நிறுத்தக்கூட இல்லை. ‘எலி மருந்து கலந்ததா? நேரா போய் ரத்தம் குடுத்துட்டு வாங்க’ என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்ததும், அந்த அம்மா அண்ணியின் கையில் ஒரு மாதத்துக்கான மாத்திரையை அடுக்கி வைத்தார். வைத்துவிட்டு, ‘உங்ககூட பிடிச்சவங்க யாராவது இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க. மாத்திரை நெறைய இருக்கு’ என்றார்.

அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வாலு